திரை நடிப்புக்குப் பட்டம் எங்கே படிப்பது?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 19 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். உயர்தரத்தில் தமிழ், அரசியல் விஞ்ஞானம், நாடகமும் அரங்கியலும் மூன்றையும் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறேன். தமிழ்த் தினப் போட்டி நாடகங்களில் நடித்து மாகாண மட்டம் வரை போயிருக்கிறேன். ஆனால் என் ஆசை மேடை இல்லை, திரை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் திரை நடிப்புக்கென்றே பட்டம் இருக்கிறதாம். இலங்கையில் இருக்கிறதா? கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் ஆறு மாத நடிப்பு டிப்ளோமாவுக்கு இரண்டரை இலட்சம் ரூபா கேட்கிறார்கள். போகலாமா? அப்பா செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கெழுதுகிறார். என்னையும் கணக்கியல் படிக்கச் சொல்கிறார். 'கொழும்புத் தமிழ் திரையில் எடுபடாது, சென்னைத் தமிழ் பழகு' என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், 45,000 ரூபாவுக்கு போட்டோ ஆல்பம் எடுத்துக்கொண்டு வந்தால் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். யாரை நம்புவது?

(பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை)

பதில்:

தங்கச்சி, முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் 'இல்லை'. திரை நடிப்பு என்ற பெயரில், தமிழ் மொழியில், நம் அரச பல்கலைக்கழகம் எதிலும் பட்டப்படிப்பு கிடையாது. அதைப் பார்த்துவிட்டு மனம் சோர்ந்துவிட வேண்டாம். அந்தப் பெயரில் வெளிநாட்டில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் இங்கேயே, அதுவும் கட்டணமில்லாமல் படிக்கக்கூடியது.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். லண்டனில் ரோயல் சென்ட்ரல் ஸ்கூல் ஒஃப் ஸ்பீச் அண்ட் டிராமாவில் திரை நடிப்புக்கு ஒரு முதுமாணிப் பட்டம் இருக்கிறது. வேறு இடங்களில் இளமாணிப் பட்டமும் உண்டு. இப்படியான பாடத்திட்டங்களில் என்ன இருக்கும்? குரல், உடல், பிரதியை வாசித்துப் பாத்திரத்தைப் புரிந்துகொள்வது, எதிரில் நிற்பவர் சொல்வதை உண்மையிலேயே கேட்டுப் பதில் சொல்வது, எழுதாத காட்சியை அந்த இடத்திலேயே உருவாக்கி நடிப்பது. இவை அத்தனையும் மேடைக்கும் பொது. உயர்தரத்தில் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைப் படித்திருப்பீர்கள். 1898 இல் மொஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் மேடைக்காக யோசித்த முறையைத்தான் லீ ஸ்ட்ராஸ்பெர்க் போன்ற நடிப்பு ஆசிரியர்கள் நியூயோர்க்கில் தங்கள் வழியில் மாற்றி, பின்னாளில் பெரிய திரை நட்சத்திரங்களான பலருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தி நடிகர் நஸீருத்தீன் ஷாவைப் பாருங்கள். முதலில் டில்லி தேசிய நாடகப் பள்ளி, அதற்குப் பிறகுதான் புனே திரைப்பட நிறுவனம். ஆகவே 'மேடை இல்லை, திரை' என்று நீங்கள் எழுதிய வரியைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள். உங்களிடம் இல்லாமலிருப்பது மிச்சப் பாதி: கமரா.

சரி, இங்கே என்ன இருக்கிறது? தமிழில் என்றால் முதலில் மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. நாடகமும் அரங்கியலும் அங்கே பட்டப்படிப்பாகவே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் பாடத்தைப் படிக்கலாம். கொழும்பை விட்டுப் போகக்கூடாது என்றால், கொழும்பு 7 இல் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம். 2005 இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆனால் அங்கே நாடகக் கற்பித்தல் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. களனியிலும் நாடகம், சினிமா சார்ந்த கற்கைகள் சிங்களத்தில் இருக்கின்றன. ஹொரணையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகம் இருக்கிறது; தாகூர் 1934 இல் வந்து அடிக்கல் நாட்டிய இடம். அங்கே ஆற்றுகைக் கலைகளும் வெகுசன ஊடகமும் ஒரே வளாகத்துக்குள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கற்கைநெறிகள் பலவற்றுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது, செய்முறைப் பரீட்சையோ உளச்சார்புப் பரீட்சையோ உண்டு. அதற்குப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டு, அந்தப் பரீட்சை அறிவித்தலைக் கோட்டைவிட்ட பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். ஆணைக்குழுவின் கைநூலை வரிவரியாகப் படியுங்கள். உங்கள் வருடத்துக்கான கைநூலை, அக்காமாரின் பழையதை அல்ல.

எதைத் தெரிவுசெய்வது? என்னிடம் கேட்டால், சான்றிதழில் 'நடிப்பு' என்று அச்சாகிறதா என்று பார்க்கவே மாட்டேன். அதே வளாகத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்ப்பேன். அவர்கள் ஒவ்வொரு தவணையும் குறும்படம் எடுத்துக் கொடுக்கவேண்டும். நடிக்க ஆள் கிடைக்காமல் அறைத் தோழனையும் கன்டீன் அண்ணாவையும் நிறுத்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கோ கமரா முன்னால் நிற்கவேண்டும், எடுத்ததைத் திரும்பிப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் காசு செலவழிக்காமல் ஒருவரையொருவர் பழக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் திரை நடிப்பை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்களிலும் நடிகர்களையும் இயக்குநர்களையும் ஒரே கட்டடத்தில் வைத்துத்தான் பழக்குகிறார்கள். இந்தக் கண்ணோடு பார்த்தால் ஸ்ரீபாலி நல்ல இடம். யாழ்ப்பாணமும் நல்ல இடம்: அரங்கியலும் இருக்கிறது, ஊடகக் கற்கைகளும் இருக்கிறது, 2015 இல் தொடங்கிய சர்வதேச சினிமா விழாவும் இருக்கிறது. மட்டக்களப்பு கிடைத்தால் சந்தோஷமாகப் போங்கள். கூத்து ஆடப் பழகிய உடம்புக்கு எந்தச் சட்டகத்துக்குள்ளும் நிற்கத் தெரியும். கமராக்காரர்களை மட்டும் ஊருக்குள் நீங்களே தேடிப் பிடிக்கவேண்டி வரும்.

கமரா என்று இவ்வளவு சொல்கிறேனே, அதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

சுமார் நூறு வருடங்களுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு வேலை செய்து பார்த்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்து, ஒரு தரம் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார், ஒரு தரம் பிணப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு தரம் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில். பார்த்தவர்கள், பசியை எப்படி நடிக்கிறார், துக்கத்தை எப்படி நடிக்கிறார் என்று புகழ்ந்தார்களாம். மூன்றும் ஒரே முகம். மேடையில் அர்த்தம் முழுவதையும் நீங்களே கடைசி வரிசை வரை சுமந்துகொண்டு போகவேண்டும். திரையில் உங்கள் முகத்துக்கு முன்னும் பின்னும் வருகிற ஷொட்டுகள் பாதிச் சுமையைத் தூக்கிக்கொள்கின்றன. அது தெரியாத நடிகர் அதையும் சேர்த்துத் தானே தூக்கப் போய், மிகையாகிவிடுகிறார். தமிழ்த் தினப் போட்டியிலிருந்து வருகிறவர்களிடம் நான் பார்க்கிற முதல் சிக்கல் இதுதான். திறமைக் குறை இல்லை அது. நடுவர் மேசைக்குக் கேட்கவேண்டும் என்று பழகிய குரல், பழகிய புருவம்.

இதற்கு மருந்து உங்கள் போனிலேயே இருக்கிறது. ஒரு சின்னக் காட்சி எழுதுங்கள்: பெறுபேறு வந்த அன்று தோழி எடுக்கிறாள், அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது, உங்களுக்கு இல்லை. நீங்கள் வாழ்த்துச் சொல்லவேண்டும். ஒரு நிமிடம் போதும். அதை மூன்று தரம் எடுங்கள்: முழு உடலும் தெரிகிற தூரத்தில், இடுப்பு வரை, முகம் மட்டும். மூன்றிலும் ஒரே மாதிரி நடியுங்கள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். தூரத்தில் சாதாரணமாகத் தெரிந்த அதே புருவம், முகம் நிறைந்த சட்டகத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டில் வீடியோக்காரர் திரும்பினவுடன் பெரியம்மாமார் விறைத்துப் போவார்களே, அதற்கு நேர்மாறான நோய். அடுத்த தரம் முகத்தில் எதையும் காட்ட முயலாதீர்கள். தோழி சொல்வதைக் கேளுங்கள், உங்களுக்குள் ஓடுவதை மட்டும் ஓடவிடுங்கள். பார்த்தால் தெரியும், கண் தன் வேலையைத் தானே செய்யும்.

அப்புறம் கைவேலை. இதை யாரும் கலை என்று சொல்லமாட்டார்கள், ஆனால் செட்டில் உங்களை மறுபடி கூப்பிடுவதும் கூப்பிடாமல் விடுவதும் இதனால்தான். தேத்தண்ணிக் கோப்பையை எந்தச் சொல்லில் தூக்கினீர்கள்? அகல ஷொட்டில் 'அப்பா' என்ற சொல்லில் தூக்கினால், குளோசப்பிலும் 'அப்பா'வில்தான் தூக்கவேண்டும். மாறினால் இரண்டையும் வெட்டிச் சேர்க்க முடியாது. எடிட்டர் உங்கள் மிக நல்ல டேக்கைத்தான் குப்பையில் போடுவார். நிலத்தில் டேப் ஒட்டி 'இங்கே வந்து நில்லுங்கள்' என்பார்கள். குனிந்து பார்க்காமல் அங்கே வந்து நிற்கவேண்டும், இல்லாவிட்டால் ஃபோகஸ் போய்விடும். வழி எளிது. டேப்பிலிருந்து பின்னோக்கி நடந்து எத்தனை அடி என்று எண்ணிக்கொள்ளுங்கள், டேக்கில் அதே அடிகளை முன்னோக்கி வையுங்கள். எதிரில் இருப்பவரின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் குளோசப்பில் உங்கள் கண் அலைவது போலத் தெரியும். லென்ஸுக்குக் கிட்ட இருக்கிற அவருடைய ஒரு கண்ணை மட்டும் பாருங்கள். மைக் நெஞ்சிலோ தலைக்கு மேலோ இருக்கும், கத்தத் தேவையில்லை. ஆனால் குரலைத் தாழ்த்தும்போது மெய்யெழுத்துகளை விழுங்கக் கூடாது.

இவையெல்லாம் ஒரு மாதத்தில் பிடிபடும். கஷ்டமானது வரிசை. ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்குத் தெஹிவளையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால், அந்த வீட்டில் நடக்கிற காட்சி அத்தனையையும் இரண்டு மூன்று நாளில் எடுத்து முடித்துவிடுவார்கள். காலையில் புருஷன் செத்த வீட்டு அழுகை, பின்னேரம் அதே புருஷன் பெண் பார்க்க வருகிற காட்சி. நடுவில் காகம் கத்தும், த்ரீவீல் போகும், கட் சொல்வார்கள், மேக்கப் வியர்வையில் கரையும், மறுபடி முதலிலிருந்து. கண்டினியூட்டி பார்க்கிறவர் உங்கள் சேலையையும் பொட்டையும் கவனிப்பார். பாத்திரத்தின் மனம் அந்த இடத்தில் எங்கே நிற்கிறது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் ஒரு கொப்பி போடச் சொல்வேன். காட்சி இலக்கம், இதற்கு ஒரு நிமிடத்துக்கு முன் என்ன நடந்தது, இப்போது எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. கதை வரிசையில் ஒரு பட்டியல், எடுக்கிற வரிசையில் இன்னொன்று. அலுப்பான வேலைதான். அனுபவமுள்ளவர்கள் பலர் இதை மனதுக்குள்ளேயே செய்துவிடுகிறார்கள். பார்க்கிற நமக்குச் சும்மா வந்து நடித்துவிட்டுப் போவது போலிருக்கும்.

முடிந்தால் இலவச எடிட்டிங் செயலி ஒன்றைப் பழகி, நீங்கள் நடித்ததை நீங்களே வெட்டிப் பாருங்கள். பேசுகிறவரை விடக் கேட்கிறவரின் முகத்துக்குத்தான் அடிக்கடி போகிறோம் என்று அப்போது விளங்கும். தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கிற முகத்தை வைத்து எந்த எடிட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி மொழி. கொழும்பில் நடித்துச் சாப்பிட வேண்டுமென்றால் உங்களுக்குச் சிங்களம் வேண்டும். கடையில் பேரம் பேசுகிற சிங்களம் காணாது, சண்டை பிடிக்கவும் காதலிக்கவும் பொய் சொல்லவும் முடிகிற சிங்களம். நம் தமிழ் அலைவரிசைகளின் மாலை நேரத்தைப் பெரும்பாலும் இந்தியத் தொடர்களே பிடித்திருக்கின்றன. உள்ளூர்த் தமிழ்த் தயாரிப்பு கொஞ்சம். சிங்களத் தொலைக்காட்சி நாடகமும் சினிமாவும் அதைவிடப் பல மடங்கு பெரிய தொழில். அதில் தமிழ்ப் பாத்திரம் வரும்போதெல்லாம், சரியாகத் தமிழ் பேசி, சிங்களத்திலும் நடிக்கத் தெரிந்த ஆளைத் தேடி, நடிகர்களைத் தேர்வு செய்கிற நாங்கள் களைத்துப் போகிறோம். கடைசியில் 'வணக்கம்' கூட ஒழுங்காகச் சொல்ல வராத ஒருவருக்குப் பொட்டு வைத்து நிறுத்துகிறார்கள். அந்த இடம் உங்களுக்குரியது. முதல் சிங்களப் பேசும்படம் 1947 இல் வந்தபோது அதன் கதாநாயகி ருக்மணி தேவி. அவர் பிறந்தபோது வைத்த பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். அவரும் மேடையிலிருந்து வந்தவர்தான். எனவே கொழும்பு 7 பல்கலைக்கழகமோ களனியோ சிங்களத்தில் சொல்லிக்கொடுக்கிறது என்பதை மட்டும் காரணமாக வைத்து ஒதுக்காதீர்கள். மொழித் தகைமையைக் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் வயிற்றைக் கலக்கும், அது உண்மை.

சென்னைத் தமிழ் பழகச் சொன்னவர் விஷயத்துக்கு வருவோம். பழகுங்கள், ஒரு வேடத்துக்காக. உங்கள் தமிழை அழித்துவிட்டு அல்ல. 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்' படத்தின் நாயகன் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. அவருக்கு ஜோடியாக, இலங்கைப் பெண்ணாக நடித்தவர் சென்னை மேடை நடிகை காளீஸ்வரி ஸ்ரீனிவாசன். அங்கே நம் பக்கத் தமிழைத் தேடி அவர் வரவேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த உங்களுக்கு வீட்டுக்கு வெளியே வந்தாலே மலையகத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், சிங்களம் கலந்த தமிழ் எல்லாம் காதில் விழும். பஸ்ஸில் இருந்து கேளுங்கள், வீட்டில் வந்து சொல்லிப் பாருங்கள். இவற்றில் மூன்றைச் சுத்தமாகப் பேசத் தெரிந்தால் டப்பிங், விளம்பரக் குரல் என்று சில்லறை வருமானத்துக்கும் வழி பிறக்கும். கொழும்பில் விளம்பரங்கள் பலவும் முதலில் சிங்களத்துக்கு எடுக்கப்பட்டுத் தமிழுக்குக் குரல் மாற்றப்படுகின்றன. அந்தக் குரல்களைக் கேட்டிருப்பீர்கள். நல்ல குரலுக்கு அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டரை இலட்சம் டிப்ளோமா. அந்த இடத்தை எனக்குத் தெரியாது, ஆகவே நல்லது கெட்டது சொல்லமாட்டேன். காசு கட்டுமுன் நேரில் போய்க் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் வாரத்தில் எத்தனை மணித்தியாலம் கமரா முன் நிற்பார்கள்? எடுத்த காட்சிகளை எங்கள் கையில் தருவீர்களா? கற்பிக்கிறவர் யார், அவர் கடைசியாக எதில் வேலை செய்தார்? மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா? இடையில் நின்றால் காசு திரும்புமா? ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க விடச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். சுவரில் எந்த நட்சத்திரத்தோடு எடுத்த படம் தொங்குகிறது என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். என் கணக்கில், பெறுபேறு வருமுன் இதில் சேர எந்த அவசரமும் இல்லை. பல்கலைக்கழகம் கிடைத்தால் இந்தக் காசு மிச்சம்.

அப்பா சொல்வதை எதிரியின் பேச்சாக எடுக்காதீர்கள். மாதச் சம்பளம் இல்லாத தொழில் இது. ஷூட்டிங் முடிந்து காசு கைக்கு வரவே மாதங்கள் இழுபடும். கணக்கியல் நடிப்பின் கதவை அடைக்கிற படிப்பும் இல்லை. விஜய் சேதுபதி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் முதலில் சேர்ந்ததே கணக்காளராக. நடிகர்களின் பயிற்சியைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். ந. முத்துசாமி 1977 இல் தொடங்கிய பட்டறை அது. இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள்: புனே திரைப்பட நிறுவனத்தில் திரை நடிப்புக்கென்றே இரண்டு வருடப் பட்டப்பின் படிப்பு உண்டு. அதற்கு விண்ணப்பிக்கப் பட்டம் வேண்டும், எந்தத் துறைப் பட்டமானாலும் சரி. அதாவது இங்கே நாடகம் படித்தாலும் வணிகம் படித்தாலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. இந்தியாவில் படிக்க இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன, கொழும்பில் இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக விண்ணப்பம் கோருவார்கள். எந்தப் படிப்புகளுக்கு, என்ன நிபந்தனை என்று அந்தந்த வருட அறிவித்தலில் பார்க்கவேண்டும்.

லண்டன், கனடா பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. புலமைப்பரிசிலோ வசதியான சொந்தமோ இருந்தால் போங்கள், நல்ல படிப்பு. காணியை, அம்மாவின் நகையை விற்றுப் போகவேண்டாம். கணினிப் பட்டம் வாங்கியவர் அந்தக் கடனை உழைத்து அடைக்கலாம், நடிகர் அடைப்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்கிற செல்ஃப் டேப்பை, அதாவது நீங்களே நடித்து எடுத்து அனுப்புகிற ஒடிஷன் வீடியோவை, மட்டும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள், இங்கேயும் இப்போது அதைத்தான் கேட்கிறோம். போனைப் படுக்கையாக, கண் மட்டத்தில் வையுங்கள். வெறும் சுவர் பின்னால், ஜன்னல் வெளிச்சம் முன்னால். நெஞ்சுக்கு மேல் மட்டும். எதிர் வசனத்தை வாசிக்கிறவர் கமராவுக்குப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் வாசிக்கட்டும், உங்களை விட நன்றாக நடிக்கத் தேவையில்லை. பின்னணி இசை, டைட்டில், ஃபில்டர் எதுவும் வேண்டாம்.

கடைசியாக அந்த 45,000 ரூபா ஆள். அவரிடம் போகாதீர்கள். நடிகரைத் தேர்வு செய்வது நாங்கள் தயாரிப்பாளரிடம் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. நடிக்க வருகிறவரிடம் காசு கேட்பவர் வேறு வியாபாரம் செய்கிறார். ஒடிஷன் என்றால் அலுவலக நேரத்தில், அலுவலகத்தில் அல்லது ஸ்டூடியோவில். ஹோட்டல் அறையில் என்றால், இரவு எட்டு மணிக்கு என்றால், தனியாக வா என்றால், பதில் சொல்லவே தேவையில்லை. எந்தப் பக்கங்களை வாசிக்கவேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். உண்மையான ஒடிஷன் என்றால் பிரதியோ குறைந்தது கதைச் சுருக்கமோ இருக்கும். அம்மாவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள், வெளியில் இருக்கட்டும். அதைப் பார்த்து முகம் சுளிக்கிற தயாரிப்பில் உங்களுக்கு வேலை வேண்டாம். ஏதாவது நடந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 இருக்கிறது, வெட்கப்படாமல் எடுங்கள்.

ஆல்பமும் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில், தினமும் போடுகிற உடுப்போடு, மேக்கப் இல்லாமல் முகம் ஒன்று, முழு உருவம் ஒன்று. இரண்டு படம் போதும். ஸ்டூடியோவில் வெள்ளையாக்கி எடுத்த படத்தைப் பார்த்துக் கூப்பிட்டு, நேரில் வேறு ஆள் வந்து நின்றால் எங்களுக்குத்தான் எரிச்சல். அந்த 45,000 உண்மையிலேயே கையில் இருந்தால், போனுக்கு ஒரு டிரைபொட்டும் சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்றும் புறக்கோட்டையில் வாங்கிக்கொண்டு மிச்சத்தை அப்பாவிடம் கொடுங்கள். கணக்கெழுதுகிறவருக்கு அது பிடிக்கும்.